ஆறா, நாலா?

புற்றுநோயாளிகளிடம் வாழ்க்கைத் தரம் பற்றிக் கேட்கும் கேள்வித்தாளில், 30ஆவது கேள்விக்கு நேரே 6 என்று எழுதி, அதை அடித்து, பக்கத்தில் 4 என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்து என்னுடையது. அந்த 4 யாருடையது என்பதில்தான் இன்னும் சந்தேகம்.

பதில் சொன்ன நோயாளிக்குக் கணையத்தில் புற்றுநோய். தேவனாம்பட்டினத்துக்காரர், வலை இழுத்தே பழகிய கை. முதல் முறை பிடிவலு, அதாவது கருவியைக் கையால் எவ்வளவு அமுக்க முடிகிறது என்று பார்த்தபோது, 31 கிலோ காட்டியது. இரண்டு மாதம் கழித்து 22. ஆசியர்களுக்கென்று 2019இல் வகுத்த அளவுப்படி, ஆண்களுக்கு 28க்குக் கீழே போனாலே வலு குறைவு. கருவியை மேசைமேல் வைத்துவிட்டு, "இவ்ளோதான் வருதும்மா" என்றார்.

அப்புறம் கேள்வித்தாள். வழக்கம்போல நான் வாசிக்க, அவர் எண் சொன்னார். முதல் 28 கேள்விகளில் 1 என்றால் தொந்தரவே இல்லை, 4 என்றால் மிக அதிகம். கடைசி இரண்டில் கணக்கு தலைகீழ்: 1 மிக மோசம், 7 மிக நன்று. போன வாரம் வாழ்க்கை மொத்தத்தில் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ஆறு."

எழுதிவிட்டேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. "ஐயா, ஏழுன்னா ரொம்ப நல்லா இருக்குன்னு அர்த்தம். யோசிச்சுச் சொல்லுங்க."

என் முகத்தைப் பார்த்தார். மேசைமேல் இருந்த கருவியைப் பார்த்தார். "அப்ப நாலு போட்டுக்கம்மா."

கேட்டது தப்பில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த இடத்தில் எண் திரும்புவது நிறைய பேரைக் குழப்பும். வலியில் துடித்துக்கொண்டே ஏழு சொன்னவர்களும் உண்டு. சரி, அவர் 2 என்று சொல்லியிருந்தால் மறுபடி கேட்டிருப்பேனா? மாட்டேன். 22 என்ற எண்ணை நான் பார்க்காமல் இருந்திருந்தால்? அப்போதும் கேட்டிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

கிளம்பும்போது அவர் மனைவி சொன்னார்: செரிமானத்துக்காகச் சாப்பாட்டோடு போடும் நொதி மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து வயிற்றுப்போக்கு நின்றிருக்கிறது, இந்த வாரம் இரண்டு நாள் சங்கரா மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். கணைய நீர் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பு செரிக்காது, தின்றதெல்லாம் எண்ணெயாக வெளியே போய்விடும். மாசக்கணக்கில் சோற்றைக் கண்டு பயந்த மனுஷன். கரைந்த சதை ஒரு வாரத்தில் திரும்பாது. ஆனால் கேள்வி ஒரு வாரத்தைப் பற்றியது. அந்த வாரத்துக்கு ஆறு கொடுக்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

பிடிவலு பார்க்கும்போது "அமுக்குங்க, இன்னும், இன்னும், விடாதீங்க" என்று ஊக்கப்படுத்துவதுதான் முறை. கேள்வித்தாளில் அப்படியே வாசித்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒரே நாற்காலி, ஒரே ஆள், பத்து நிமிஷ இடைவெளி. எந்த இடத்தில் என் குரல் நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இருந்தும், எண்ணின் அர்த்தத்தைச் சொன்னது உதவிதானே என்று ஒரு பக்கம் இப்போதும் தோன்றுகிறது. "யோசிச்சுச் சொல்லுங்க" என்றேனே, அதுதான் உறுத்துகிறது.

மனைவி சொன்னதைக் கேட்டதும் கூப்பிட்டு மறுபடி கேட்டிருக்கலாம். மூன்றாம் முறை கேட்டால் என்ன எண் வரும், அது யாருடைய எண்ணாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் கடலூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்கள்.

அடித்த எண் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்தில் கையெழுத்து, தேதி, மாற்றியதற்குக் காரணம். காரணத்தில் 'நோயாளியே திருத்திச் சொன்னார்' என்று எழுதியிருக்கிறேன்.