‘இட்ஸ் எ சின்’: தமிழ் உபதலைப்பு வேலைக் குறிப்புகள், திருகோணமலை

வைகாசி 4

ஐந்து பகுதித் தொடர். ரஸல் ரி. டேவிஸ் எழுதியது, 2021 தையில் சனல் 4இல் வந்தது. எயிட்ஸ் பரவத் தொடங்கிய காலம்; 1981இல் லண்டன் வந்துசேரும் இளைஞர்களில் 1991 வரை யார் மிஞ்சினார்கள் என்பதுதான் கதை. உவர்மலையில் ஒரு சிறு கூட்டத்துக்குக் காட்டத் தமிழ் உபதலைப்பு வேண்டும்.

மொழிபெயர்ப்புக்கு முன்னம் ஒரு சொற்பட்டியல் போட்டோம், ஆண்டு வாரியாக. லொஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான நிமோனியா கண்டது பற்றிய அறிக்கை வெளியானது 1981 ஆனி 5இல். அன்றைக்கு நோய்க்குப் பெயரே கிடையாது. ‘எயிட்ஸ்’ என்ற பெயர் 1982 புரட்டாதியில் வந்தது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனம் வைரஸைப் பிரித்தெடுத்தது 1983இல். அடுத்த ஆண்டு அமெரிக்கர் அதை எச்.ரி.எல்.வி-3 என்றார்கள். ‘எச்.ஐ.வி.’ என்று ஒரே பெயருக்கு வந்தது 1986 வைகாசியில்தான்.

ஆகவே முதல் பகுதியில் எவர் வாயிலும் ‘எச்.ஐ.வி.’ வரக்கூடாது. முதல் வரைவில் இரண்டு இடத்தில் வந்திருந்தது, ‘சனத்துக்கு விளங்கட்டும்’ என்று போட்டது. எடுத்துவிட்டோம். பாத்திரங்களுக்கே விளங்காத காலம் அது. பார்ப்பவருக்கு முன்கூட்டியே விளக்கிவிட்டால் அந்தப் பயம் செத்துப்போகும்.

வைகாசி 7

‘நீர்ப்பீடனம்’ எங்கள் விஞ்ஞானப் பாடப்புத்தகச் சொல். வைத்தியர் பேசும் இடத்தில் அதுவே சரி. நண்பர்கள் பேச்சில் ‘நோய் எதிர்ப்புச் சக்தி’. ‘பிறபொருளெதிரிப் பரிசோதனை’ (அன்ரிபொடி சோதனை) ஒரு வினாடி வரிக்குள் அடங்காது, ‘இரத்தப் பரிசோதனை’ போதும். அந்தச் சோதனையே 1985 பங்குனியில்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முந்திய காட்சிகளில் ‘சோதிச்சுப் பார்த்தியா?’ என்று ஒருவர் கேட்டால் அது பிழை.

நண்பர்கள் தங்களைக் குறிக்கும் இடமெல்லாம் ‘கே’. ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்பதை அதிகாரிகள் வாய்க்கு மட்டும் விட்டிருக்கிறோம். அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் ‘லா!’ அப்படியே ‘லா!’

விளிப்புத்தான் கனநேரம் எடுத்தது. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். தமிழில் ‘நீ’யா ‘நீங்கள்’ஆ என்று முடிவெடுக்காமல் ஒரு வரி நகராது. தையற்கடையில் வேலை பழகும் கொலின் மூத்தவரான ஹென்றியை ‘நீங்கள்’ என்பான். கொலினின் தாய் அவனை ‘ராசா’ என்கிறாள். வேல்ஸ் தாய்க்கு ‘ராசா’ ஒட்டுமா என்று ஒரு வாதம் நடந்தது. அந்தக் குரலைக் கேட்டால் வேறு சொல் வராது.

வைகாசி 12

கோப்பு வேலை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பகுதி திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தது. யூனிகோட்டுக்கு மாற்றி, யூ.ரி.எவ்-8 ஆகச் சேமிக்க வேண்டும். மாற்றிய பிறகு கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும். எஸ்.ஆர்.ரி. என்ற உபதலைப்புக் கோப்பில் வினாடிக்கும் மில்லி வினாடிக்கும் நடுவில் வருவது காற்புள்ளி. முற்றுப்புள்ளி போட்டால் சில வீடியோ இயக்கிகள் அந்த வரியை விழுங்கிவிடும். ஒவ்வொரு உபதலைப்புக்கும் பிறகு ஒரு வெற்று வரி கட்டாயம்.

வரிக்கு 42 எழுத்து என்ற மென்பொருளின் எல்லையை நம்ப வேண்டாம். ‘கொ’ நமக்கு ஓரெழுத்து, அதற்கு இரண்டு. நாங்கள் வைத்த அளவு: இரண்டு வரிக்கு மேல் இல்லை, குறைந்தது ஒரு வினாடி, கூடியது ஏழு.

தொடக்கத்தில் பொருந்திய உபதலைப்பு போகப்போக முந்தி ஓடியது. நேரம் குறித்த பிரதி வினாடிக்கு 25 சட்டகம், காட்டும் பிரதி 23.976. 45 நிமிட முடிவில் ஏறக்குறைய 1 நிமிடம் 55 வினாடி வித்தியாசம். முழுக்கோப்பையும் தள்ளிவைத்தால் ஓரிடம்தான் பொருந்தும். எல்லா நேரத்தையும் 1.0427ஆல் பெருக்க வேண்டும்.

வைகாசி 18

இரண்டாம் பகுதி, கோப்பைக் காட்சி. நோயாளியான நண்பன் குடித்த கோப்பையை, நண்பர் கூட்டத்தில் ஒருத்தியான ஜில் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள், பிறகும் மனம் கேளாமல் உடைத்து எறிகிறாள். வசனம் கிடையாது. நல்லவள் ஒருத்தியின் கையில் பயம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிட உண்மையான காட்சி தொடரில் இல்லை. ஆனால் இங்கே பார்ப்பவர் ‘அவள் செய்தது சரிதானே’ என்று எழும்பிப் போனால் நாங்கள் கெடுதல் செய்தவர்கள் ஆவோம்.

திரையில் அடிக்குறிப்பு போடுவதில்லை என்று முடிவு. பகுதி முடிந்ததும் விளக்கைப் போட்டு, ஒருவரும் எழும்ப முன்னம் நேரே சொல்வது: எச்சிலால் தொற்றாது, கோப்பை, சாப்பாடு, கழிப்பறை, நுளம்பு எதனாலும் தொற்றாது. இரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், தாய்ப்பால் இவற்றால்தான். ஒழுங்காக மருந்தெடுத்து இரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாதபடி குறைந்தவரிடமிருந்து உடலுறவாலும் தொற்றாது. பிறகு தேத்தண்ணி, எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோப்பையில்.

வைகாசி 23

மூன்றாம் பகுதியில் நோயாளியான கொலினை ஆஸ்பத்திரி வாட்டில் அடைத்துப் பூட்டுகிறார்கள். மிகைப்படுத்தல் என்று ஒருவர் சொல்லக்கூடும். 1984ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் 1985இல் மான்செஸ்டரில் ஒரு நோயாளியை உண்மையாகவே இப்படித் தடுத்துவைத்தார்கள். ‘அனுமதிக்கப்பட்டார்’ என்று எழுதியதை ‘அடைத்துவைத்திருக்கிறார்கள்’ என்று மாற்றினோம்.

பகுதி முடிந்தபின் பேச்சுக்கு எடுத்தவை: 1987இல் ஏ.இசட்.ரி. மருந்து நான்கு மணிக்கொரு தடவை, இராத்திரியும் எழும்பி. இப்போது பலருக்கு நாளுக்கு ஒரு குளிசை. இலங்கையில் 2004 கடைசியிலிருந்து மருந்து அரச சிகிச்சை நிலையங்களில் இலவசம். தாயிலிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்ததற்கு 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று.

ஆனி 2

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வெள்ளைத்துணி ஆடினால் கீழ்வரி அலைபாயும். துணியின் அடியில் பிளாஸ்டிக் குழாய் கோத்து இரு பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டும். திரையின் கீழ்விளிம்பு நிலத்திலிருந்து நாலடி. குறைந்தால் முன்வரிசைத் தலைகள் எழுத்தை மறைக்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தார் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதனால் ஒரு நாளுக்கு ஒரு பகுதிதான். அவசரத்தில் பேச்சை வெட்டுவது கூடாது.

ஆனி 9

ஐந்தாம் பகுதி, கடற்கரையில் ஜில்லும், நண்பர்களில் ஒருவனான ரிச்சியின் தாய் வலரியும். தாய் சிநேகிதர்களை மகனிடம் விடவே இல்லை. மகன் போய்விட்டான் என்ற செய்தி ஜில்லுக்கு அங்கேதான் தெரியவருகிறது. பிறகு அவள் பேசுவது நீளம். வசனம் முடியும் இடத்தில் வெட்டாமல் அவள் மூச்செடுக்கும் இடத்தில் வெட்டினோம். மௌனத்தின் மேல் பழைய வரி நிற்கவிடவில்லை.

முந்திய காட்சிகளில் ஜில் வலரியை ‘அன்ரி’ என்றுதான் கூப்பிட வைத்திருந்தோம். இந்தக் காட்சியிலும் மூன்று இடத்தில் இருந்தது. மூன்றையும் எடுத்தாயிற்று. ‘நீங்கள்’ மட்டும் நிற்கிறது.