சித்தி, நீ இப்ப சித்தப்பாவா?

அக்கா பொண்ணுக்கு மூணரை வயசு. முடிய ஒட்ட வெட்டிட்டு அவ முன்னாடி போய் நின்னேன், மேலயும் கீழயும் பாத்துட்டு "சித்தி, நீ இப்ப சித்தப்பாவா?"ன்னு கேட்டா பாருங்க. கிண்டல் இல்ல, நிஜமாவே சந்தேகம். கம்மலத் தொட்டுப் பாத்துட்டுதான் அரைமனசா ஒத்துக்கிட்டா.

அப்புறம் தேடிப் படிச்சா, கோல்பெர்க்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1966லயே இத எழுதி வச்சிருக்காரு. ரெண்டு மூணு வயசுல நான் பொண்ணு நான் பையன்னு சொல்லத் தெரிஞ்சிடும், ஆனா பெருசானாலும் அதேதான்னு புரிய இன்னும் கொஞ்ச நாளாகும், முடி டிரஸ் மாறுனா ஆள் மாறிடாதுங்கறது பெரும்பாலும் அஞ்சுலேந்து ஏழு வயசுக்குள்ளதான் பிடிபடுமாம். அப்ப நம்மாளு கரெக்டாதான் போயிட்டிருக்கா.

சாண்ட்ரா பெம்னு இன்னொருத்தங்க, அவங்க பையன் நாலு வயசுல ஹேர் கிளிப் மாட்டிட்டு நர்சரிக்குப் போயிருக்கான். கூட இருந்த பையன் "நீ பொண்ணுதான்"னு விடவே இல்லயாம், இவன் கடுப்பாகி பேண்ட்டையே கழட்டிக் காட்டிட்டான், அதுக்கு அவன் அசரல, அது எல்லாருக்கும்தான் இருக்கு, கிளிப் பொண்ணுங்க மட்டும்தான் போடுவாங்கன்னுட்டான்! அவனுக்குக் கிளிப்தான் ஆதாரம், என் கம்மல் மாதிரி.

இந்த பெம்தான் 1981ல ஜெண்டர் ஸ்கீமா தியரி சொன்னவங்க. பொண்ணு, பையன்னு மண்டைக்குள்ள ரெண்டு டப்பா ரெடியானதும் கண்ணுல படறத எல்லாம் குழந்தை அதுல பிரிச்சுப் போட ஆரம்பிச்சிடுது. டப்பாவுக்குள்ள அடங்கலன்னா ஞாபகத்தையே மாத்திக்கும். மார்ட்டின், ஹால்வர்சன்னு ரெண்டு பேர் 1983ல பண்ண ஆராய்ச்சில, அஞ்சாறு வயசுப் பசங்களுக்கு ஒரு பொண்ணு மரம் அறுக்கற மாதிரி படமெல்லாம் காட்டிருக்காங்க, ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா அது பையன்னு சொன்னதுங்க இருக்கு.

பாண்டுரான்னு இன்னொரு சைக்காலஜிஸ்ட் வகையறா, மத்தவங்களப் பாத்தும் நாம சிரிக்கறது முறைக்கறதுலேந்தும்தான் கத்துக்குதுங்கன்னு சொல்வாங்க, அதுலயும் நியாயம் இருக்கு. பையனுக்கு அம்மா மேல ஆசை, அப்பா மேல பொறாமைன்னு ஃப்ராய்ட் சொன்ன ஈடிபஸ் கதை மட்டும் எனக்கு இறங்கல, விடுங்க. ஆனா கோல்பெர்க் சொன்னதுலயும் ஒரு ஓட்டை இருக்கு, மாறாதுன்னு புரியறதுக்கு முன்னாடியே மூணு வயசுக்குள்ளயே பசங்க பொம்மைய பொண்ணுது பையனதுன்னு பிரிச்சு எடுக்குதுங்களே. அதோட பொண்ணு, பையன்னு மத்தவங்க ஒட்டின பேர் தனக்கு ஒட்டலன்னு சின்ன வயசுலயே சொல்ற குழந்தைங்களும் இருக்காங்க, அத முடி கம்மல் கணக்குல வச்சு விளக்கிட முடியாது.

நேத்து வீடியோ கால்ல வந்தா. காதுக்கு மேல கொஞ்சம் முடி வளந்திருந்தது. "ஹை, திரும்ப சித்தி ஆயிட்டியா"ன்னா.