கேட்டுக்கு வெளிய

பிப்ரவரி 23
பூட்டுன ஃபேக்டரி கேட்டு நோட்டீஸ் போர்டுல, வேலைய விட்டு நிறுத்துனவங்க புது லிஸ்ட். அண்ணன் பேர் இல்ல. இதுவரைக்கும் இல்ல.

பிப்ரவரி 24
அக்கா இன்னும் மேனேஜர் பங்களாவுக்கு வேலைக்குப் போய்ட்டுதான் இருக்கா. போகாதக்கான்னு அண்ணன் சொல்றான், நீயும் கேட்டுக்கு வெளிய நிக்கிற நானும் நின்னுட்டா வாடகைய யார்ரா குடுப்பான்னு அவ கேக்குறா, ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தான் இருக்கு, அதான் தாங்க முடியல. நேத்து அந்தம்மா அக்காவ சேர்ல உக்காரச் சொன்னாங்களாம். இத்தன வருஷத்துல முதல் தடவையா. உக்கார வச்சு, உன் தம்பி கூட சுத்துறவங்கள்ல யாரு ரொம்ப பேசுறதுன்னு கேட்டுருக்காங்க. தெரியாதும்மான்னு சொல்லிட்டு பாத்திரம் தேய்க்கப் போயிட்டாளாம். எனக்கு ராத்திரி பூரா அந்த சேர் நெனப்புதான்.

பிப்ரவரி 25
லேபர் ஆபீஸ்ல பேச்சுவார்த்தை. மேனேஜ்மெண்ட்ல இருந்து வந்தவருக்கு முடிவு சொல்ற அதிகாரம் இல்லையாம். தள்ளி வச்சாச்சு.

பிப்ரவரி 27
கூட்டத்துல ஒரு பெரியவர், வெள்ளக்காரன் நடத்துன கோரல் நூல் மில் பத்தி பேசுனார். 1908-ல இதே தேதியிலதான் தூத்துக்குடியில வேலைய நிறுத்துனாங்க. முன்ன நின்னு நடத்துன வ.உ.சி., சுப்பிரமணிய சிவா கதையெல்லாம் தெரிஞ்சதுதான், என் மனசுல நின்னது அந்த சவரத் தொழிலாளி. ஸ்ட்ரைக்க எதுத்துப் பேசுன ஒரு வக்கீலுக்கு பாதி சவரத்தோட கத்திய வச்சுட்டாராம். மில்லுல கூலி ஏறுனா அவருக்கு ஒரு காசு கிடையாது, ஆனாலும் வச்சுட்டார். மார்ச் ஆரம்பத்துலயே முதலாளிங்க இறங்கி வந்து, கூலி ஏறி, ஞாயித்துக்கிழமை லீவும் கெடச்சுருக்கு. இங்க காரு கண்ணாடிய ஏத்திவிட்டுட்டுப் போகுது, கடன் குடுத்த கடைக்காரரு கூட எங்களப் பாத்தா போன எடுத்து காதுல வச்சுக்கிறாரு.

பிப்ரவரி 28
எழுதப் புடிக்கல.

மார்ச் 2
அந்தம்மா நல்லவங்கன்னு அக்கா சொல்றா. பாப்பாவுக்கு காய்ச்சல் வந்தப்ப கார்ல ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனாங்க, நெசந்தான், நான் மறக்கல. ஆனா ஓவர்டைமுக்கு ரெட்டைச் சம்பளம்னு 1948 ஃபேக்டரி சட்டத்துலயே எழுதி வச்சுட்டான், அத கேட்டதுக்குத்தான கேட்ட பூட்டுனாங்க? காரும் வேணாம் சேரும் வேணாம், அண்ணன் ராத்திரியில முழிச்சு நின்னதுக்கு உண்டானத குடுங்க.

மார்ச் 4
லிஸ்ட்ல அண்ணன் பேர் வந்துருச்சு. ரொம்ப பேசுறது யாருன்னு அவங்களுக்கு யாரோ சொல்லிருக்காங்க. அக்கா இல்ல. சத்தியமா அக்கா இல்ல. ஆனா தெருவுல ஒருத்தரும் அவகிட்ட பேசல.

மார்ச் 5
நாளைக்கு மறுபடி பேச்சுவார்த்தை. இந்த தடவ மேனேஜரே வர்றாராம். அக்காவ வேலைக்கு வரச்சொல்லி போன் மேல போன், அவ எடுக்கவே இல்ல.