ஒட்டியதும் ஒட்டாததும்: பழைய ஆப்பிள் ரகங்களோடு மூன்றாவது வருடம்

இந்த முறை பன்னிரண்டு ஒட்டுக் கட்டியதில் ஒன்பது பிடித்துவிட்டது. முதல் வருடம் பத்தில் ஒன்றே ஒன்றுதான் துளிர்த்தது, அதையும் நானே கெடுத்தேன்.

பழைய ரகம் வேண்டுமென்றால் விதை போட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். ஆப்பிளில் அது நடக்காது. பெரும்பாலான ரகங்கள் காய்க்க வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும், அதனால் ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலப்பு, தாயின் பழம் அதில் திரும்பி வராது. பிராம்லி அப்படி அதிர்ஷ்டத்தில் கிடைத்த ரகம்தான். 1809-இல் இங்கிலாந்தின் சவுத்வெல்லில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி போட்ட விதை முளைத்து வந்த மரம் அது. இன்று எங்கே பிராம்லி நின்றாலும் அந்த ஒரே மரத்தின் குச்சி வழி வந்ததுதான். யாராவது குச்சி வெட்டிக் கட்டிக்கொண்டே இருந்தால்தான் ரகம் இருக்கும், அவ்வளவுதான் விஷயம்.

சரி, முதல் வருடம் எங்கே கோட்டை விட்டேன்? மரம் இலை உதிர்த்து உறங்கும்போது, அந்த வருடம் வளர்ந்த பென்சில் பருமன் குச்சிகளை வெட்டி, ஈரக் காகிதம் சுற்றி, பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். அதுவரை சரி. அதே ஃபிரிட்ஜில் ஒரு கூடை ஆப்பிளும் இருந்தது! பழம் விடுகிற எத்திலீன் வாயு மொட்டுகளைக் கெடுத்துவிடும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தப்பிப் பிழைத்த அந்த ஒன்றில், கட்டிய நாடாவை அவிழ்க்க மறந்துபோனேன். தண்டு பருக்கப் பருக்க நாடா உள்ளே புதைந்து, ஒரு காற்றில் சரியாக அந்த இடத்திலேயே முறிந்தது.

இப்போது கை பழகிவிட்டது. பட்டையை லேசாகச் சீவினால் கட்டைக்கு மேலே ஈரப் பச்சையாக ஒரு மெல்லிய கோடு தெரியும், குச்சியிலும், அதை ஏற்கிற வேருள்ள அடிச்செடியிலும் அந்தக் கோடுதான் ஒன்றையொன்று தொட வேண்டும். அடிச்செடி பெரும்பாலும் குச்சியைவிடப் பருமனாக இருக்கும், அதனால் குச்சியை அழகாக நடுவில் வைத்தால் எந்தப் பக்கமும் சேராது, ஒரு ஓரமாகத் தள்ளி வைக்க வேண்டும் (இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது). வெட்டு ஒரே இழுப்பில் விழ வேண்டும், மேடுபள்ளமானால் இன்னொரு முறை சீவுவது மேல்.

நான் வைத்த அடிச்செடி எம்எம்106 என்ற வகை. எம்9 என்ற இன்னொரு வகை சீக்கிரம் காய்க்கும், ஆனால் கடைசிவரை அதற்கு முட்டுக்கழி வேண்டும். பிராம்லி காய்க்க வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும், அதன் மகரந்தமோ மற்ற மரங்களுக்கு உதவாது. அதனால் துணைக்கு ஆஷ்மீட்ஸ் கெர்னல் என்ற ரகமும் கட்டினேன். 1700 வாக்கில் குளோஸ்டரில் தோன்றியது, சொரசொரப்பான பழுப்புத் தோல், பார்த்தால் யாருக்கும் எடுக்கத் தோன்றாது, கடித்தவர்கள் விடமாட்டார்கள். அதன் மகரந்தமும் உதவாதாம்! இரண்டுக்குமாகச் சேர்த்து இன்னொரு ரகம் தேட வேண்டும்.

இன்னொரு கூத்து, மார்க்கரில் எழுதிய பெயர்ச்சீட்டுகள் வெயிலில் வெளுத்துவிட்டன. இப்போது அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறுகிறேன். ஆனால் போன வருடக் கன்றுகளில் இரண்டு எந்த ரகமென்று எனக்கே தெரியவில்லை. ஒன்றின் இலையடியில் வெள்ளைப் பூனைமயிர் அதிகம், மற்றதன் தளிர் சிவப்பு. காய்க்க இன்னும் இரண்டு மூன்று வருடமாவது ஆகும், அதுவரை தகட்டில் கேள்விக்குறிதான்.