தண்ணீர்ப்பள்ளியில் மூன்று நாள்

எங்கள் சபையில் அசன விருந்து வைப்பதற்கு முந்தின ஞாயிறு. திருவிருந்து ஆராதனை. பீடத்தின் முன் முழங்காலில் நின்று அப்பத்தைக் கையில் வாங்கினேன். வாங்கும்போதே மனதுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. 400 பேர், ஆளுக்கு 150 கிராம் அரிசி, மொத்தம் 60 கிலோ, கறிக்கு இன்றைக்கே முன்பணம் கொடுத்தாக வேண்டும். இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் அப்பத்தை விழுங்கிவிட்டேன் என்பது உறைத்தது. ரசம் பருகினேனா என்றுகூட யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அன்று இரவு அழுதேன்.

புதன் வீட்டு ஜெபக்கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், சனி பாடகர் குழு ஒத்திகை, ஞாயிறு காலை ஓய்வுநாள் பள்ளி, ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கியக் கூட்டம். நான்தான் செயலாளர். நடுவில் வங்கி வேலை. போனில் மூன்று ஜெபக் குழுக்கள். இதில் எதையும் நான் வேண்டாவெறுப்பாகச் செய்யவில்லை. கர்த்தருக்கென்று மனதாரத்தான் செய்தேன். ஆனால் கர்த்தரோடு சும்மா உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. காலை ஜெபம்கூட அன்றைய வேலைகளை அவருக்கு வாசித்துக் காட்டுவதாக மாறிப்போயிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. நாற்பது நாளும் வீடு வீடாகக் கூட்டம் இருக்கும். "அது தொடங்குறதுக்குள்ள மூணு நாள் எங்கேயாவது போயிட்டு வா. பிள்ளைகளை நான் பார்த்துக்கிறேன்" என்றார் என் வீட்டுக்காரர். கத்தோலிக்கத் தோழி ஒருத்தி, தண்ணீர்ப்பள்ளியில் இருக்கும் சாந்திவனம் என்கிற கத்தோலிக்க ஆசிரமத்தைச் சொன்னாள். ஐக்கியத்தில் மூத்த அம்மா ஒருவர் முகம் சுளித்து, "அங்கே சந்தனம், விபூதியெல்லாம் வைப்பாங்களாமே" என்றார். எனக்கும் உள்ளூர அந்தத் தயக்கம் இருந்தது. இருந்தாலும் முன்கூட்டியே கேட்டு இடம் சொல்லி வைத்து, ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பிவிட்டேன். ஞாயிறு ஆராதனைக்கு எங்கள் கோயிலில் நான் இல்லாமல் போவது பெரிய விஷயம். பிரசவத்துக்குப் பிறகு அதுதான் முதல் முறை.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கரூர் பஸ். ஜீயபுரம், பெட்டவாய்த்தலை என்று காவிரியை ஒட்டியே சாலை போகிறது. வழியெங்கும் வாழைத் தோட்டம். குளித்தலைக்குச் சற்று முன்னால் தண்ணீர்ப்பள்ளியில் இறங்கி நடந்தால், ஆற்றங்கரை மரங்களுக்குள் ஆசிரமம். முழுப்பெயர் சச்சிதானந்த ஆசிரமம். ஊரார் வாயில் சாந்திவனம்தான்.

கோயிலைத் தென்னாட்டுக் கோயில் போலவே கட்டியிருக்கிறார்கள். முகப்பில் சிறிய கோபுரம், அதில் சிலுவையிலிருந்து எழும் மூன்று முகமுள்ள உருவமாகப் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவம். மண்டபத்தில் எல்லோரும் தரையில்தான் உட்கார்கிறார்கள். பீடம் இருக்கும் கருவறையை இருட்டாகவே வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த இருட்டு பிடித்தது. எங்கள் கோயிலில் டியூப்லைட், புரொஜெக்டர், ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. அதன் ஒயர்களுக்கும் நான்தான் பொறுப்பு. இங்கே ஒரு சின்ன விளக்கு. அதற்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பார்க்க எதுவும் இல்லாததால் கண் தானாகவே மூடிக்கொண்டது.

முதல் நாள் நான் ஜெபிக்கவே இல்லை, தூங்கினேன். குடிலில் பையை வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவள், நண்பகல் ஜெபத்துக்கு மணி அடித்ததும் தெரியாமல், மாலையில்தான் எழுந்தேன். ஆன்மிகப் பயணம் வந்த இடத்தில் இப்படியா என்று குற்ற உணர்வாக இருந்தது. அப்போதுதான் வேதாகமத்தில் வரும் எலியா தீர்க்கதரிசி நினைவுக்கு வந்தார். பாகால் தீர்க்கதரிசிகளோடு மல்லுக்கட்டி, யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, போதும் கர்த்தாவே என்று சூரைச்செடியின் கீழ் படுத்தவர். அவரை எழுப்பிய தூதன் கண்டித்ததாக அங்கே ஒரு வரிகூட இல்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளவும் விட்டான். மெல்லிய சத்தம் கேட்பது அதற்கு வெகுநாள் பின்னால், ஓரேப் மலையில். ஓய்வுநாள் பள்ளியில் இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தத் தூக்கத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

இந்த இடத்தைத் தொடங்கிய இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். ஜூல்ஸ் மோன்ஷனேன் 1939இல் இந்தியா வந்து, குளித்தலையில் பங்குச் சாமியாராக இருந்தவர். ஹென்றி லெ சோ, பெனடிக்ட் சபைத் துறவி, 1948இல் வந்து சேர்ந்தார். 1950 மார்ச்சில் இந்த ஆற்றங்கரையில் காவி உடுத்து, குடிசையில் பாய் விரித்து ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். மோன்ஷனேன் 1957இல் பாரிஸில் மறைந்தபோது, அவர் பின்னால் சீடர் கூட்டம் என்று ஒன்றும் சேர்ந்திருக்கவில்லை. லெ சோ என்கிற அபிஷிக்தானந்தா 1968இல் இமயத்தின் பக்கம் போய்விட, கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து ஆங்கிலேயரான பீட் கிரிபித்ஸ் வந்து, 1993இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். அவரை அடக்கம் செய்ததும் இங்கேதான். அந்தக் கல்லறை அருகே வெகுநேரம் நின்றேன். ஆனால் என் மனம் மோன்ஷனேனிடம்தான் போயிற்று. எத்தனை கூட்டம் நடத்தினோம், எத்தனை பேர் வந்தார்கள் என்று வருடா வருடம் அறிக்கை எழுதுகிறவள் நான். அவருடைய ஏழு வருடத்தை அப்படி எழுதினால் அரைப் பக்கம் தேறாது. ஆனாலும் இதோ, அவர் உட்கார்ந்த இடத்தில் வந்து நான் உட்கார்கிறேன்.

காலைப் பலகாரம் முடிந்ததும் விருந்தினரும் காய் நறுக்கப் போகலாம். எனக்குக் கொத்தவரங்காய் வந்தது. காம்பைக் கிள்ளி, நாரை உரித்து, பொடியாக அரிய வேண்டும். வீட்டில் செய்கிற வேகத்தில் நாலைந்து காயைச் சேர்த்துப் பிடித்துச் சரசரவென்று அரிந்தேன். எதிரில் இருந்த உள்ளூர்ப் பெண் என் தட்டைப் பார்த்தாள். பாதிக்கு மேல் நார் அப்படியே இருந்தது. "அக்கா, பருப்பே இன்னும் அடுப்புல ஏறலை. யார் உங்களைத் துரத்துறா?" என்றாள். குறை சொல்கிற தொனி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல் இருந்தது.

யார் துரத்துகிறார்கள்? சரி என்று ஒவ்வொரு காயாக எடுத்தேன். நுனியைக் கிள்ளி இழுத்தால் மயிரிழை போல ஒரு நார் முழு நீளத்துக்கும் வருகிறது. சில காயில் பாதியில் அறுந்துவிடும், மறுமுனையிலிருந்து எடுக்க வேண்டும். விரல் நுனியில் பச்சைக் கறை. அந்த ஒரு மணி நேரத்தில் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. கடைசிக் காயை அரிந்து முடித்தபோது, இவ்வளவு நேரமும் கர்த்தர் பக்கத்திலேயே இருந்தார் என்று தோன்றியது. எப்படி என்று கேட்டால் விளக்கத் தெரியாது.

மௌனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது இனிமையாக ஆரம்பிப்பதில்லை. விடியலிலும் அந்தியிலும் தியானத்துக்கென்று நேரம் விட்டிருக்கிறார்கள். முதல் அரை மணி எனக்குள் கேட்டது வெறும் இரைச்சல். ஒத்திகைக்கு ஆர்மோனியம் யார், ரசீதுப் புத்தகத்தை எங்கே வைத்தேன், அந்த அம்மாவிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டோமோ. இந்தக் கடைசிக் கேள்வி மட்டும் போகவே இல்லை. ஒத்திகையில் எல்லார் முன்னிலையிலும் அவரைத் திருத்தியிருந்தேன். ஓடிக்கொண்டே இருந்ததில் அது எனக்குக் கேட்காமலேயே போயிருந்தது.

ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கவில்லை, நான் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபைக்காரி. பின்னால் தூணோரம் உட்கார்ந்திருந்தேன். பாட வேண்டாம், வேதபாடம் வாசிக்க வேண்டாம், காணிக்கை எண்ண வேண்டாம். கையில் ஒரு தாள்கூட இல்லாமல் ஓர் ஆராதனையில் இருந்தது சிறுமியாக இருந்தபோதுதான். ஆரத்தி காட்டும்போது எல்லோரோடும் சேர்ந்து கை குவித்தேன்.

இங்கே காலை ஜெபத்தில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் விபூதி. முதல் இரண்டு நாள் நான் எதையும் இட்டுக்கொள்ளவில்லை; யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை. திங்கள் விடியலில் ஆற்றுக்குப் போனேன். மாசி மாதக் காவிரி, கண்ணுக்கெட்டும் தூரம் மணல், நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். அக்கரையில் எங்கோ மோட்டார் ஓடும் சத்தம். நாரை ஒன்று கணுக்கால் தண்ணீரில் அசையாமல் நின்றது. ஆடியில் கரை புரண்டு ஓடும் அதே ஆறு. அது வற்றிப் படுத்திருப்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லையே என்று நினைத்துக்கொண்டே மணலில் உட்கார்ந்திருந்தேன், வெயில் சுடும்வரை.

அன்று மாலை விபூதித் தட்டு வந்தபோது நானே நெற்றியைக் காட்டினேன். இரண்டு நாளில் லெந்து தொடங்கும் சாம்பல் புதன். மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்ற வார்த்தை முதல் முறையாகப் பயமாக இல்லாமல் ஆறுதலாக இருந்தது. மண்தானே, எவ்வளவுதான் சுமக்கும் என்று கர்த்தருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாவைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்தார். அப்புறம் ஆயரிடம் சொல்லிச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினேன். பாடகர் குழுவும் ஓய்வுநாள் பள்ளியும் போதும். இப்போது சனிக்கிழமை ஒத்திகை முடிந்து வந்ததும் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, முன்னறையில் விளக்கைக் குறைத்து அரை மணி உட்கார்கிறேன். இரைச்சல் வரத்தான் செய்கிறது. மூன்றாவது வாரம் வீட்டுக்காரரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். நான் எழுப்பவில்லை.