11 ஆண்டு இடைவெளிக்குப் பின் ஒரு கிரெடிட் கார்டு

கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிய பிறகு, இரண்டாவது குழந்தை பிறந்த 2013இல் வேலையை விட்டேன். பிள்ளை வளர்ப்பு, மாமனாரின் நோய், கோத்தகிரிக்குக் குடிபெயர்ந்தது என்று 11 ஆண்டுகள் சென்றன. 2024 தொடக்கத்தில் இரண்டு தங்கும் விடுதிகளுக்கும் ஒரு பேக்கரிக்கும் வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கத் தொடங்கினேன். அதற்கு வேண்டிய மென்பொருளின் மாதச் சந்தாவைக் கட்டத்தான் எனக்குக் கிரெடிட் கார்டு தேவைப்பட்டது. தமது கார்டில் எனக்கு ஒரு துணைக் கார்டு வாங்கித் தருவதாகக் கணவர் சொன்னார். துணைக் கார்டில் நான் எவ்வளவு ஒழுங்காகச் செலவழித்தாலும் கடன் வரலாறு அவர் பெயரில்தான் சேரும் என்பதால் மறுத்துவிட்டேன்.

பிறகு, கணக்கு எழுதுகிறவள் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன்: ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் விண்ணப்பித்தேன். முதல் நிறுவனத்தின் இணையதளம் என் பின்கோடைப் பார்த்ததுமே அப்பகுதியில் சேவை இல்லை என்று கூறிவிட்டது. வருமானம் என்ன என்றுகூடக் கேட்கவில்லை. மற்ற இரண்டும் நிராகரித்தன. விண்ணப்பத்தை நிராகரித்தால் அதற்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறை சொல்வதால், இரண்டு இடங்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். ஓரிடத்திலிருந்து மட்டும் பதில் வந்தது: என் பான் எண் செயலிழந்திருக்கிறது.

ஆதாருடன் இணைக்கப்படாத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழக்கும் என்ற செய்தியை நானும் படித்திருந்தேன். ஆனால் வருமானமும் வரித் தாக்கலும் இல்லாத எனக்கு அதனால் என்ன என்று இருந்துவிட்டேன். ஆயிரம் ரூபாய் தாமதக் கட்டணத்தைச் செலுத்தி இணைக்க முயன்றபோது, பெயர் பொருந்தவில்லை என்று வந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த பான் அட்டையில் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப் பெயர் இருந்தது. திருமணத்துக்குப் பின் எடுத்த ஆதாரிலோ கணவர் பெயரின் முதலெழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் இன்ஷியல் மாறிய பெண்களில் எத்தனை பேர் இந்த இடத்தில் வந்து நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டில் எதை மாற்றுவது என்று யோசித்து, ஆதாரையே மாற்றினேன். அதற்கு அடையாளச் சான்றாகப் பான் அட்டையையே ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது ஒரு காரணம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், ஒவ்வோர் எழுத்தையும் திரையில் சரிபார்த்த பிறகே கைரேகை வைத்தேன். இருபது ஆண்டுகளுக்குப் பின் அப்பாவின் பெயருக்குத் திரும்பியதைப் பற்றி வீட்டில் இரண்டு நாள் பேச்சு இருந்தது. பான் எண் மீண்டும் செயலுக்கு வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது.

அதன் பிறகுதான், கடன் வரலாற்றைத் தொகுத்து மதிப்பெண் தரும் சிபில் நிறுவனத்தின் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையையும் இலவசமாகப் பெறலாம். 300க்கும் 900க்கும் இடையே மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில், கடன் வரலாறு இல்லை என்ற குறிப்புதான் இருந்தது. யாரிடமும் பத்துப் பைசா கடன் இல்லாமல் குடும்பம் நடத்திய 11 ஆண்டுகளும் அந்தத் தாளில் வெற்றிடமாகத் தெரிந்தன. நான் விண்ணப்பித்ததன் பேரில் எழுந்த விசாரணைகள், அதாவது அந்த நிறுவனங்கள் என் கடன் வரலாற்றைக் கேட்டுப் பார்த்தவை, மட்டும் தேதியோடு பதிவாகியிருந்தன.

கணக்கு வைத்திருந்த வங்கியின் கிளைக்கு நேரில் சென்றேன். அங்கிருந்த அலுவலர் ஒருவர், ஓராண்டு வருமான வரித் தாக்கலை வைத்துச் சாதாரணக் கார்டு கிடைக்காது, நிரந்தர வைப்பின் பேரில் வாங்கலாம் என்றார். சேமிப்பிலிருந்து 50,000 ரூபாயை வைப்பில் போட்டேன்; அதில் 80 விழுக்காடு, அதாவது 40,000 ரூபாய், கார்டின் வரம்பாக அமைந்தது. கார்டு இருக்கும்வரை வைப்பை உடைக்க முடியாது, ஆனால் அதற்கு உரிய வட்டி வந்துகொண்டிருக்கும். சம்பளச் சீட்டு எதுவும் கேட்கவில்லை. இதை முதலிலேயே செய்திருந்தால் அந்த விசாரணைகளைத் தவிர்த்திருக்கலாம்.

கார்டு வந்து சேர்வதும் எளிதாக இல்லை. எங்கள் ஊரில் கதவு எண்ணும் தெருப் பெயரும் கிடையாது. ஹட்டியின், அதாவது மலைக் குடியிருப்பின், பெயரும் வீட்டுக்காரர் பெயரும் சொன்னால்தான் வீடு தெரியும். அந்த வாரம் மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்திருந்தது. முகவரி கிடைக்கவில்லை என்று கூரியர் உறை கோவைக்கே திரும்பிவிட்டது. முகவரியில் அருகிலுள்ள தேயிலைத் தொழிற்சாலையின் பெயரைச் சேர்த்து மறுபடி அனுப்பச் சொன்னேன். கடைசியில் கோத்தகிரி மார்க்கெட் அருகே கூரியர் பையனைச் சந்தித்து, ஆதாரைக் காட்டி வாங்கிக்கொண்டேன். கார்டைப் பெற்றதும் இயக்கிவிட வேண்டும்; கார்டு வழங்கப்பட்ட தேதியிலிருந்து 30 நாட்கள் கடந்தால் ஓடிபி மூலம் மீண்டும் நம் ஒப்புதலைக் கேட்பார்கள், அதையும் கொடுக்காவிட்டால் கணக்கையே மூடிவிடுவார்கள்.

சந்தா, மின்கட்டணம், சமையல் எரிவாயு ஆகிய மூன்றுக்கும் மட்டுமே அதைப் பயன்படுத்தினேன். மாதச் செலவு 12,000 ரூபாயைத் தாண்டாமல், அதாவது வரம்பில் 30 விழுக்காட்டுக்குள், பார்த்துக்கொண்டேன். குறைந்தபட்சத் தொகை என்று பட்டியலில் அச்சிடும் எண்ணை ஒருபோதும் நம்பவில்லை; அதை மட்டும் கட்டினால் மீதித் தொகைக்கு மாதம் மூன்று விழுக்காட்டுக்கு மேல் வட்டி ஏறும் என்பது கணக்கு எழுதுகிறவளுக்குத் தெரியாததல்ல. எட்டாவது மாதம் அறிக்கையை எடுத்தபோது, வெற்றிடமாக இருந்த இடத்தில் 748 என்று இருந்தது.

சென்ற மாதம், பின்கோடைப் பார்த்து மறுத்த அதே நிறுவனத்திலிருந்து, தங்களுக்காகவே ஒரு கார்டு முன்கூட்டியே ஒப்புதல் பெற்றிருக்கிறது என்று குறுஞ்செய்தி வந்தது. இணைப்பைத் திறந்து பின்கோடை இட்டேன். அப்பகுதியில் இன்னும் சேவை இல்லையாம்.