வோர்ம்சித் தீவில் காத்திருக்கும் நாட்கள்

ஜனவரி 19
எஸ்தோனியாவின் இந்தத் தீவில், சுவிபி துறையில் கடல் இன்னும் உறையவில்லை.

ஜனவரி 21
எதிர்க்கரைத் துறைமுகமான ரோகுகுலாவிலிருந்து இங்கே சுமார் 10 கி.மீ. தூரம்தான். கப்பல் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும். ஆனாலும் உறைந்த கடலின் மேல் வண்டிகள் ஓடும் பனிச்சாலை திறந்தால்தான் வருவேன் என்று, நான் காத்திருக்கும் அவள் உறுதியாக இருக்கிறாள். அவளுடைய பாட்டி உறைந்த கடலின் மேல் குதிரை இழுத்த சறுக்குவண்டியில் போய்வந்தவர். சாலை திறக்கப் பனிக்கட்டி குறைந்தது 22 செ.மீ. கனமாக இருக்க வேண்டும். இருட்டியபின் பயணம் கிடையாது. பனி உடைந்தால் உடனே வெளியேற வேண்டும் என்பதால் இருக்கைப்பட்டையும் மாட்டக் கூடாது. மணிக்கு 25 முதல் 40 கி.மீ. வரையிலான வேகம்தான் மிகவும் ஆபத்தானது. அந்த வேகத்தில் போகும் வண்டியின் எடை அடியிலுள்ள நீரில் எழுப்பும் அலை, வண்டியோடு சேர்ந்தே ஓடிப் பெருகிப் பனிக்கட்டியை உடைத்துவிடும். 25க்குக் கீழே, அல்லது 40க்கு மேலே. இதை அவளிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

ஜனவரி 24
ஹுல்லோவில் கோபுரமில்லாத புனித ஓலாவ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் பகல் முழுவதும் இருந்தேன். 300க்கும் மேற்பட்ட வளையச் சிலுவைகள் பனியில் பாதி புதைந்து நிற்கின்றன. பல கற்களில் பெயரோடு குடும்பத்தின் வீட்டுக்குறியும் செதுக்கப்பட்டிருக்கிறது. அவள் வரைந்து அனுப்பிய குறியைத் தேடி, கையுறையால் பனியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். இன்னும் கிடைக்கவில்லை.

ஜனவரி 25
கரையோரத்தில் துளையிட்டு அளந்தேன்: 9 செ.மீ.

ஜனவரி 29
இந்தத் தீவை ஸ்வீடிஷ் மொழியில் ஓர்ம்சோ என்பார்கள். போருக்கு முன் இங்கே 2,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஸ்வீடிஷ் பேசியவர்கள். சோவியத் படை திரும்பி வரும் என்ற அச்சத்தில் 1944இல் ஏறக்குறைய எல்லோரும் கடல் கடந்து ஸ்வீடனுக்குப் போய்விட்டார்கள். அதன்பின் தீவு எல்லைக் காவல் பகுதியாகி, அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் வர முடியாத இடமாயிற்று. இருந்தும் போர்பி, சாக்ஸ்பி, நோர்பி என ஊர்ப்பெயர்கள் ஸ்வீடிஷாகவே நிலைத்திருப்பதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. 2017இல் 5,000 பேருக்குக் குறைவான ஊராட்சிகளை எஸ்தோனிய அரசு இணைத்தபோது, கடல் சூழ்ந்த தீவு என்பதால் வோர்ம்சிக்கு விலக்கு கிடைத்தது. சுமார் 400 பேருக்கு ஒரு தனி ஊராட்சி! அது முற்றிலும் நியாயம் என்றே நான் கருதுகிறேன். கப்பல் நின்றால் என்ன செய்வது என்பதைக் கரைக்கு அப்பால் இருப்பவர்கள் முடிவு செய்யக் கூடாது.

ஜனவரி 30
12 செ.மீ. இரவெல்லாம் பனிக்கட்டி முனகும் ஓசை கேட்டது.

பிப்ரவரி 2
உறக்கமில்லை. அவளுடைய பாட்டனாரின் தந்தை தல்ஹார்பா வாசித்தாராம். குதிரைமயிர் நரம்புகள் பூட்டி, வில்லால் இழைத்து வாசிக்கும் யாழ் அது. 1870களில் ஓஸ்டர்புளோம் என்ற ஸ்வீடிஷ் சமயப் போதகர் இங்கே வந்தபின் எழுந்த பக்தி எழுச்சியில், ஆடலும் இசையும் பாவம் என்று ஒதுக்கப்பட்டன. எழுத்தறிவைப் பரப்பியவரும் அவர்தான் என்பதால் அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அந்த யாழ்களை நினைத்தால் மன்னிக்கவும் முடியவில்லை.

பிப்ரவரி 3
வீட்டுக்குறி கிடைத்துவிட்டது! வடக்குச் சுவரோரம், சாய்ந்து நின்ற சிறிய கல்லில். வளையத்தின் ஒரு பக்கம் உடைந்திருக்கிறது.

பிப்ரவரி 4
15 செ.மீ.

பிப்ரவரி 6
இரவு முழுவதும் மழை. துளையிடப் போனபோது பனிக்கட்டியின் மேல் கணுக்கால் அளவு நீர் நின்றது. மாலையில் அவள் அழைத்தாள். சனிக்கிழமைக் கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டாளாம்.